வாசலின் அகலம்



இப்பகுதியில் நாம் இதுகாறும் கிணற்று மோட்டார், மாடித்தளத்து ஒழுக்கு, சமையலறைப் புகைபோக்கி முதலியவற்றைப் பற்றிப் பேசி வந்தோம். இம்மாதம் வெளிவாசல் கேட்டைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. அதற்குக் காரணம் செகந்தராபாத்திலிருந்து வந்த ஒரு கடிதம்.

கடிதம் எழுதிய அன்பர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாயாருக்கு வயது 84. அம்மையாரின் பிறந்த ஊர் கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூர். இன்னும் ஒருமுறை அவ்வூர்க் குளக்கரையில் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும் என்பது அவர் ஆசை. முழங்கால் வலியினால் ரெயிலில் ஏறி இறங்க இயலவில்லை. காரில் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் காலை மடக்கி உட்காரவும் முடியவில்லை. ஆகவே, படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள, ‘கேரவன்’ எனப்படும் மோட்டார் வீடொன்றை வாங்க மகன் முன்பணம் கட்டிவிட்டார். வண்டி வருவதற்கு இரண்டு மாதம் இருக்கையில்தான், “நம் வீட்டுக் கேட்டுக்குள் அது நுழையுமா?” என்ற கேள்வி பிறந்தது.

அந்தக் கேட் 1974-இல் அன்பரின் தந்தையார் கட்டியது. அக்காலத்தில் கார் என்றால் அம்பாசிடர். அதன் அகலம் ஐந்தரை அடி. அதற்குப் பத்தடி வாசல் வைத்தது தாராள மனத்துக்கு அடையாளந்தான். ஆனால் வண்டி இப்போது வளர்ந்துவிட்டது. “ஒரு தூணை இடித்து அகலப்படுத்தலாம், எந்தத் தூண், எத்தனை அடி என்று சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தார் அன்பர். கடிதத்தின் அடியில் ஒரு வரி: “கிழக்குத் தூணில் அப்பாவின் பெயர் பொறித்த கல் பதிந்திருக்கிறது. அதை எடுக்க அம்மா சம்மதிக்கமாட்டார்.”

கேள்வி எளிதன்று என்று கண்டு, நாம் நேரிலேயே சென்றோம்.

முதலில் வண்டியின் அகலத்தைப் பார்ப்போம். விற்பவர் கொடுத்த தாளில் 2.1 மீட்டர், அதாவது ஏழடிக்கு ஓர் அங்குலம் குறைவு என்றிருந்தது. இது உடலின் அகலம் மட்டுமே. இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகள் இக்கணக்கில் சேரா. கண்ணாடிக்கு எட்டு அங்குலம் வீதம் சேர்த்தால் எட்டடி மூன்றங்குலம் ஆகிறது. கண்ணாடியை மடக்கிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பர். கண்ணாடி மிகவும் தேவைப்படுவது வாசலில் நுழையும் அந்த நேரத்தில்தான். கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பார் உண்டோ?

அடுத்தது வாசலின் அகலம். தூணுக்குத் தூண் பத்தடி இருந்தது மெய். ஆனால் இரு கதவுகளும் தூண்களுக்கு நடுவே கீல் வைத்து மாட்டப்பட்டிருந்தன. திறந்து நிற்கும்போது ஒவ்வொரு கதவும் கீலுமாக நாலங்குலத்தைத் தின்றுவிட்டது. எஞ்சியது ஒன்பதடி நாலங்குலம். வண்டி அம்பு போல் நேராக வந்தாலும் பக்கத்துக்கு ஆறரை அங்குலமே இடைவெளி. வீட்டில் அன்றாடம் புழங்கும் வண்டிக்குப் பக்கத்துக்கு ஓர் அடியேனும் வேண்டும் என்பது நம் கருத்து. எனவே நேரே நுழைவதற்கே பத்தேகாலடி தேவையாகிறது.

ஆனால் எந்த வண்டிதான் நேரே வருகிறது? தெருவில் வந்து, திரும்பி, உள்ளே நுழைய வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் செல்வதில்லை. திருப்பத்தின் உட்பக்கமாகக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையேயுள்ள தூரம் கூடக்கூட இந்த வெட்டும் கூடும். வரப்போகும் வண்டியில் அத்தூரம் 4 மீட்டர். வெளிப்பக்கத்து முன்சக்கரம் 7.5 மீட்டர் ஆரத்தில் சுழல்வதாகக் கொள்வோம். 7.5-இன் வர்க்கம் 56.25. அதிலிருந்து 4-இன் வர்க்கமாகிய 16-ஐக் கழித்தால் 40.25. அதன் வர்க்கமூலம் சுமார் 6.34. பின்சக்கரம் அந்த ஆரத்தில்தான் செல்லும். வித்தியாசம் 1.16 மீட்டர், அதாவது மூன்றடி பத்தங்குலம். பத்தேகாலடியோடு இதைக் கூட்டினால் பதினான்கடியும் ஓர் அங்குலமும் வருகிறது. திருப்பத்தின் ஒரு பகுதி தெருவிலேயே முடிந்துவிடும் ஆதலால், பதினான்கு அடி போதும் என்று முடிவு செய்தோம்.

பெரிய வண்டி வாங்க நினைப்போரும் இதே முறையில் கணக்கிடலாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் இன்று அனுமதிக்கும் உச்ச அகலம் 2.6 மீட்டர், எட்டரை அடி. பேருந்தின் மேல் கட்டிய முழு மோட்டார் வீடு இந்த அளவை எட்டும். அதற்குக் கண்ணாடியும் இடைவெளியும் சேர்த்து, நேர் வாசலுக்கே ஏறத்தாழப் பன்னிரண்டு அடி வேண்டும். சக்கர இடைத்தூரம் 6 மீட்டராக இருந்தால் திருப்பத்துக்கு மேலும் ஆறடி. பதினெட்டடி வாசல் வைக்க இயலாதவர்கள் அத்தகைய வண்டியை வேறிடத்தில் நிறுத்த ஏற்பாடு செய்வதே விவேகம்.

பின்னோக்கி நுழைந்தால் வாசல் குறைவாகவே போதும் என்பதும் உண்மை. அப்போது பின்சக்கரம் முதலில் வாசலைப் பிடித்துக்கொள்ளும். முன்பாகம் தெருவில் வீசித் திரும்பும். வாசலில் மிச்சப்படுவதைத் தெருவில் செலவழிக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அன்பரின் வீட்டுத் தெரு இருபத்தைந்து அடி. எதிர்வரிசையில் எந்நேரமும் கார்கள் நிற்கின்றன. ஆகவே அந்த வழியை நம்ப முடியவில்லை.

இனி, எந்தத் தூண் என்ற கேள்விக்கு வருவோம். வீடு தெற்கு நோக்கியது. வண்டி நிற்கவேண்டிய இடம், வீட்டுக்கும் கிழக்குச் சுற்றுச்சுவருக்கும் நடுவேயுள்ள சந்து. பெயர்க்கல் பதித்த தூண் அந்தச் சுவரின் மூலையிலேயே நிற்கிறது. பெருஞ்சாலை கிழக்கே இருப்பதால் வீட்டார் எப்போதும் கிழக்கிலிருந்தே வருவது வழக்கம். அப்படி வந்து வலப்புறம் திரும்பினால், திருப்பத்தின் உட்பக்கத்தில் நிற்பது கிழக்குத் தூண். பின்சக்கரம் அதைத்தான் உரசும். மகன் அந்தத் தூணை இடிக்க நினைத்ததற்குக் காரணம் இதுவே.

நாம் சாக்கட்டியும் கயிறும் கொண்டு வண்டியின் நீள அகலத்தைத் தெருவில் வரைந்து பார்த்தோம். அம்மையார் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாம் கிழக்குத் தூணை நோக்கிக் கோடு இழுத்தபோது, “தம்பி, இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அந்தத் தூணடியில்தான் கோலம் போடுகிறேன். அதை இடித்துவிட்டுத்தான் நான் ஊருக்குப் போகவேண்டுமென்றால், எனக்கு ஊரே வேண்டாம்” என்றார். மகன் தலை குனிந்து நின்றார். தாய்க்காகத்தான் வண்டி, அந்த வண்டிக்காகத் தாயின் மனத்தை நோகச் செய்வது என்ன நியாயம்?

அப்போதுதான் நமக்கு ஒன்று புலப்பட்டது. தூணை மாற்றுவதற்குப் பதிலாக வழியை மாற்றினால் என்ன? ஒரு தெரு சுற்றி மேற்கிலிருந்து வந்தால் கேட் இடப்பக்கம் அமைகிறது. உட்பக்கத்தில் நிற்பது மேற்குத் தூண். பின்சக்கரம் வெட்டுவது மேற்கே. கிழக்குத் தூணின் பக்கம் பின்சக்கரம் நெருங்குவதில்லை. மேற்குத் தூணுக்கு அப்பால் இருப்பது முன்தோட்டம். அத்தூணை நாலடி தள்ளி வைத்தால் பதினான்கடி வாசல் கிடைத்துவிடும். வண்டி தோட்டத்தின் ஓரத்தில் நிமிர்ந்து, நேராகச் சந்துக்குள் போய்விடும். இடப்பக்கம் திரும்புமுன் ஓட்டுநர் தெருவின் வலப்புறமாகச் சற்று ஒதுங்கி வரவேண்டும். ஒருவர் இறங்கி நின்று எதிர்வரும் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளவேண்டும். இழப்பது இரண்டு செம்பருத்திச் செடிகள் மட்டுமே. மறுபடியும் கோடு வரைந்து காட்டினோம். அம்மையார் எழுந்து வந்து, கோட்டுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளியைத் தம் கைத்தடியால் தாமே அளந்து பார்த்தார். பிறகு, “செம்பருத்தியைப் பின்கட்டில் வைத்துக்கொள்ளலாம்” என்றார். அனுமதி கிடைத்துவிட்டது.

கதவு அமைப்பைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பதினான்கடியை இரு சம பாகமாக்கவில்லை. ஒன்பதும் ஐந்துமாகப் பிரித்தோம். ஆட்களும் ஸ்கூட்டரும் ஐந்தடிக் கதவால் போகலாம்; காருக்கு ஒன்பதடி போதும்; மோட்டார் வீட்டுக்கு மட்டும் இரண்டையும் திறந்தால் போதும். நீளக் கதவு தூணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே அதைக் கம்பி கட்டிக் கான்கிரீட்டில் எழுப்பிய புதிய மேற்குத் தூணில் மாட்டச் சொன்னோம். பழைய செங்கல் தூணுக்கு ஐந்தடிக் கதவே பாரம். இரண்டும் தூண்களின் பின்முகத்தில் கீல் வைத்து, உட்புறமாகவே திறக்கவேண்டும். அப்போது பதினான்கடியில் ஓர் அங்குலமும் வீணாகாது. கதவு தெருவில் போவோர் மேல் மோதவும் மாட்டாது. கதவு சுழலும் ஒன்பதடிக்கு அப்பால் வண்டி நிற்க இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும். தள்ளு கேட் போட விரும்புவோர், வாசல் அகலத்துக்குக் குறையாத சுவர் ஒரு பக்கத்திலேனும் இருக்கிறதா என்று அளந்த பிறகே கொல்லரிடம் போகவேண்டும்.

அகலத்தோடு காரியம் முடிவதில்லை. மேலே பார்க்கவேண்டும்: வாசல் வளைவு, தாழ்ந்த கேபிள், மாமரக் கிளை ஆகியவை கூரைமேல் வைத்த ஏ.சி. பெட்டியில் இடிக்குமா? கீழே பார்க்கவேண்டும்: சாக்கடைமேல் போட்ட கடப்பைக்கல் சில டன் எடையைத் தாங்குமா? அன்பரின் வீட்டில் அக்கல் ஏற்கெனவே விரிசல் கண்டிருந்தது. கம்பி வைத்த கான்கிரீட் பலகை போடச் சொன்னோம். சாய்தளம் செங்குத்தாக இருந்தால் வண்டியின் பின்புறம் தரையைத் தேய்க்கும். சாய்தளத்தைத் தெருவுக்குள் நீட்டுவதோ சாக்கடையை அடைப்பதோ கூடாது. நகராட்சியின் அனுமதி பெற்றே வேலையைத் தொடங்கவேண்டும்.

வேலை முடிந்தது. வண்டியும் வந்தது. முதல் நாள் மேற்கிலிருந்து திரும்பி நுழைந்தபோது, மேற்குத் தூணுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒன்றரை அடி மிஞ்சியதாக அன்பர் எழுதியிருக்கிறார். கணக்கு பொய்க்கவில்லை. மறுவாரம் விடியற்காலையில் அம்மையார் கிழக்குத் தூணடியில் கோலம் போட்டுவிட்டு வண்டியில் ஏறினாராம். ஊர்க் குளக்கரையில் இரண்டு மாலைகள் உட்கார்ந்திருந்தாராம். மூன்றாம் நாள், “வா, வீட்டுக்குப் போகலாம்” என்று தாமே சொன்னாராம்.

பிழைப்பைத் தேடி வந்து வேற்றூரில் வீடு கட்டிக்கொண்ட நம்மவர் பலருக்கு ஊர் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். ஒன்றுக்குப் போக மற்றொன்றை இடிக்கவேண்டியதில்லை. இடிக்கத் துணியுமுன் ஒரு சாக்கட்டியும் ஒரு முழக் கயிறும் எடுத்து அளந்து பாருங்கள்.