பயிரின் வேரா? பகவான் கிருபையா?

விளைச்சல் குறைந்தால் நம் குடியானவர்களில் பலர் இன்றும் முதலில் பார்ப்பது மண்ணையல்ல, பஞ்சாங்கத்தையேயாகும். கிரகக் கோளாறு என்றும், கிராம தேவதையின் கோபம் என்றும் சொல்லி, மிச்சமிருக்கும் காசையும் பறிக்க ஆட்கள் தயாராயிருக்கிறார்கள். ஆனால், கடன் வாங்கிப் போட்ட யூரியா எங்கே போயிற்று என்று கேட்பாரைத்தான் காணோம்.

அது போன வழியில் தெய்வ ரகசியம் ஒன்றுமில்லை. யூரியா மண்ணில் அமோனியமாக மாறுகிறது. அமோனியம் களிமண்ணோடு ஒட்டிக் கொண்டு நிற்கும். நைட்ரோசோமோனாஸ் முதலிய மண் கிருமிகள் அதைப் படிப்படியாக நைட்ரேட்டாக்கி விடுகின்றன. நைட்ரேட்டோ மண்ணில் ஒட்டாது. தண்ணீரோடு அடியில் இறங்கிக் கிணற்றைக் கெடுக்கும். ஒரு பங்கு வாயுவாகிப் பறந்து போகும். அவ்வாயுக்களில் ஒன்றான நைட்ரஸ் ஆக்சைடு, 100 வருஷக் கணக்கில், எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கக் கூடியது. உலகத்தார் வயலில் போடும் தழைச்சத்து உரத்தில் ஏறக்குறையப் பாதி பயிருக்குச் சேருவதேயில்லை.

இந்த நஷ்டத்தைச் சில பயிர்களின் வேர்களே மட்டுப்படுத்துகின்றன. தென் அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் வளர்க்கப்படும் பிராக்கியாரியாப் புல்லின் வேரில் கசியும் பிராக்கியாலாக்டோன் என்னும் பொருள், அக்கிருமிகளின் வேலையை மந்தப்படுத்துகிறது என்பதை ஜப்பான், கொலம்பியா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் வெளியிட்டார்கள். நம் சோளத்தின் வேரும் சோர்கோலியோன் என்ற பொருளால் இவ்வேலையைச் செய்கிறது. ஒரு காட்டுப் புல்லின் இக்குணத்தைக் கோதுமைக்குள் புகுத்தியதாக 2021-ல் அறிவித்தார்கள். இவை எந்த ரிஷியின் ஞான திருஷ்டியிலும் தெரிந்தவையல்ல. வேரைத் தோண்டி, கழுவி, சோதித்துக் கண்டவையாகும்.

நிற்க, வேம்பின் கதையைப் பாருங்கள். அம்மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, அம்மன் என்று கும்பிடுவதில் நம்மவர்கள் குறைவு வைக்கவில்லை. அதன் பிண்ணாக்கும் எண்ணெயும் அதே கிருமிகளை மந்தப்படுத்துவதால்தான், உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டுமென்று இந்திய சர்க்கார் 2015-ல் உத்தரவிட்டது. மரத்தைக் கும்பிட்டதால் ஒரு படி நெல்லாவது கூடிற்றா? அதைச் சோதித்ததால் அல்லவா பலன் கிடைத்தது!

இரும்புக் கொழு பூமியையும் அதிலுள்ள உயிர்களையும் வதைக்கிறது என்று உழவை இழிதொழிலாக்கியது மனுதர்மம். உழுகிறவனுக்கு இழிவும், உழாதவனுக்கு உயர்வும், விளைந்ததில் பங்கும் வகுத்த சாஸ்திரம் மண்ணைப் பற்றி என்ன தெரிவித்திருக்க முடியும்? மண்ணைத் தொடாதவன் மண்ணின் குணத்தை எப்படி அறிவான்?

ஆகவே தோழர்களே! யாகத்துக்கும் பரிகாரத்துக்கும் அழும் பணத்தை மண் பரிசோதனைக்குச் செலவிடுங்கள். உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல், பயிர் கேட்கும் சமயம் பார்த்துப் பிரித்துப் போடுங்கள். நாம் எழுதியதற்காக இதையும் நம்ப வேண்டியதில்லை. ஒரே வயலில் இரண்டு பாத்தி கட்டி, ஒன்றில் பழைய வழியும் மற்றொன்றில் இவ்வழியும் செய்து, அறுவடையில் அளந்து பாருங்கள். படியும் மரக்காலும் சொல்லும் தீர்ப்பை எந்தப் பூசாரியாலும் மாற்ற முடியாது.