நிலப்படத்தில் நிற்கும் ஏரிகள்



1802-ஆம் ஆண்டு, சென்னைப் பரங்கிமலையருகே இலாம்டன் என்னும் ஆங்கிலேயர் இந்நிலத்தை அளக்க அடிக்கோடு வகுத்தார். குன்றில்லாத காவிரிப் படுகையில் அவர்க்குக் கைகொடுத்தவை நம் கோயிற் கோபுரங்களே. 1808-இல் தஞ்சைப் பெருங்கோயிலின்மேல் ஏற்றுங்கால்தான் கோணமளக்கும் அவருடைய பெருங்கருவி மோதிச் சிதைந்தது.

அக்காலந்தொட்டு வரையப்பெற்ற நம் நிலப்படங்கள் பல, இன்று அயல்நாட்டு நூலகங்களில் ஒளிவருடப்பெற்று மின்படங்களாய்க் கிடக்கின்றன. ஆயினும் ஒளிவருடிய படம் வெறும் ஓவியமே. எப்புள்ளி எவ்விடம் என்பதை அது அறியாது. கோபுரம், பாலம், கோட்டைச்சுவர் போலும் மாறா இடங்களைத் தேர்ந்து, அவற்றின் அகலாங்கையும் நெட்டாங்கையும் கணினிக்குக் கூறல் வேண்டும். மூன்று புள்ளிகளேனும் வேண்டும். பழந்தாள் சுருங்கியும் மடிந்தும் இருத்தலால் மிகுதியாகக் குறிப்பின் நன்று. இதனை நிலப்பொருத்தம் எனலாம். பொருந்திய படங்கள் இணைந்து ஒரே விரிப்பாகும். அதனைச் சிறுசிறு கட்டங்களாக்கி வைத்தலால், காண்பான் விரும்பும் பகுதி மட்டும் நொடியில் திரைக்கு வரும். பிரித்தானிய நூலகம் 2012-இல் இப்பணிக்குப் பொதுமக்களை அழைத்தது. முதல் தொகுதி சில நாள்களிலேயே முடிந்தது.

இதனால் நமக்கென்ன என்பீரோ? பழஞ்சென்னைப் படத்தை இற்றைப் படத்தின்மேற் பொருத்திப் பாருங்கள். தியாகராயர் நகர்த் தெருக்களினடியில் மாம்பலத்து நெட்டேரி தோன்றும். 1976-இல் எழுந்த வள்ளுவர் கோட்டத்தினடியில் நுங்கம்பாக்கத்து ஏரி தோன்றும். அக்கோட்டம் நம் பெருமை. அதனடியில் ஏரி இருந்தமை நாம் மறைக்கலாகாத உண்மை. 2015-இல் வெள்ளம் சென்னை வீடுகளுட் புகுந்தபோது நீர் தன் வழியை மறக்கவில்லை, மறந்தவர் நாமே.

இன்னொன்று. அப்படங்களில் தூத்துக்குடி ‘தூட்டிகோரின்’ என்றும், தரங்கம்பாடி ‘திரான்குபார்’ என்றும் சிதைந்து நிற்கின்றன. தமிழ்ப்பெயரை உடன் இணைத்தாலன்றித் தமிழில் தேடுவோனுக்கு அவை அகப்படா. 2020-இல் தமிழ்நாட்டரசு 1,018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழொலிப்படியே எழுத ஆணையிட்டுச் சில நாள்களில் அதனைத் திரும்பப் பெற்றது. அரசு தயங்கினும் நாம் தயங்க வேண்டுவதில்லை.

ஆசிரியர்களே, உங்கள் ஊரின் பழம்படம் ஒன்றை மாணவர் கையிற் கொடுங்கள். கோபுரத்தைக் கண்டு புள்ளியிடட்டும். ஊர் முதியோரைக் கேட்டு ஏரி, வாய்க்கால், திடல் ஒவ்வொன்றற்கும் உரிய பெயரை எழுதட்டும். அம்முதியோர் மறையின் அப்பெயர்களும் மறையும். நம் நிலத்தை அளந்தவன் அயலானாயினும், அதற்குப் பெயர் சொல்ல வேண்டியவர் நாமே!