மந்திரவாதி மாண்ட பிறகு

மந்திரவாதி மாண்டுவிட்டான். அவன் கல்லாய்ச் சமைத்த இளவரசன் உயிர்பெற்று எழுவானா, அல்லது கல்லாகவே கிடப்பானா? கதை கேட்கும் பிள்ளைகள் இக்கேள்வியைக் கேளாமல் விடுவதில்லை. நாமோ, "சரி, சரி, தூங்கு" என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிடுகிறோம். அன்பு வாசகர்களே, இது அத்துணை எளிதாய்த் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று. செய்தவன் மறைந்த பின்பு, அவன் செய்த செயல் என்னவாகிறது என்பதே இதன் உட்பொருள். கதைகள் இதற்கு மூன்று விதமாக விடை கூறியிருக்கின்றன.

முதல் விடை, மந்திரம் செய்தவனின் மூச்சோடு மந்திரமும் முடியும் என்பது. ஏழு கடல், ஏழு மலைக்கு அப்பால் ஒரு குகை. குகைக்குள் ஒரு கிளி. கிளியின் கழுத்தில் அரக்கனின் உயிர். கழுத்தைத் திருகியதும் அரக்கன் சாய்கிறான். கட்டுண்டவர்கள் கண் விழிக்கிறார்கள். மேல்நாட்டிலும் இவ்வெண்ணம் உண்டு. கத்தோலிக்கரான டோல்கீன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1954-55 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட "மோதிரங்களின் தலைவன்" என்னும் பெருங்கதையில், தீயோன் தன் ஆற்றலை ஒரு மோதிரத்தில் ஊற்றி வைத்திருக்கிறான். அம்மோதிரம் எரிமலையில் அழிந்ததும் அவன் கட்டிய கோட்டை இடிந்து வீழ்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மோதிரத்தோடு பிணைக்கப்பட்ட வேறு மூன்று நல்ல மோதிரங்களின் ஆற்றலும் அன்றே மங்கிப் போகிறது. தீமை முடியும்போது, அதனோடு கட்டுண்ட நன்மையும் சேர்ந்தே முடிகிறது.

இரண்டாம் விடை, மந்திரம் பொருளில் தங்கியிருக்கும் என்பது. இதற்குச் சான்று தேடத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தியாகராய நகருக்கு மேற்கே வடபழனியில், நாகி ரெட்டியாரும் சக்கரபாணியும் நடத்திய விஜயா நிறுவனம் 1951-இல் "பாதாள பைரவி" என்னும் படத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் வெளியிட்டது. அதில் எஸ். வி. ரங்காராவ் மந்திரவாதியாகவும், என். டி. ராமராவ் தோட்டக்காரர் மகனாகவும் நடித்தனர். தன்னைப் பலியிட வந்த மந்திரவாதியையே கதாநாயகன் பலியாக்கி, கேட்டதெல்லாம் தரும் பைரவியின் சிறு சிலையைப் பெறுகிறான். அது எவர் கையில் இருக்கிறதோ அவருக்கே பணி செய்யும். நல்லவரா, தீயவரா என்று பாராது. சீடனால் உயிர்பெற்ற மந்திரவாதியின் கைக்கு அது திரும்பச் சென்றபோது, கதாநாயகன் பெற்ற வாழ்வும் வளமும் அவனை விட்டுப் போயின. பணமும் பதவியும் இத்தகைய சிலைகளே எனலாம். தேடியவர் இறந்தாலும் அவை இறப்பதில்லை, கை மாறுகின்றன.

மூன்றாம் விடைதான் மிகவும் அச்சம் தருவது. மந்திரம் சொல்லில் இருக்கிறது. சொன்னவராலும் அதைத் திரும்பப் பெற இயலாது. நம் நாட்டு இதிகாச புராணங்களில் முனிவர் சினந்து சாபமிடுகிறார். சினம் தணிந்த பின் இரங்குகிறார். ஆயினும் "சொன்னதை மறந்துவிடு" என்று அவரால் கூற முடிவதில்லை. சாபம் தீரும் வழியை மட்டுமே கூறுகிறார். கௌதமர் அகலிகைக்கு உரைத்த விமோசனம் இவ்வகையே. ஐரோப்பியரின் உறங்கும் இளவரசி கதையிலும் இதே நியதியைக் காண்கிறோம். ஒரு தேவதை குழந்தைக்குச் சாவைச் சபித்துவிட்டாள். பின்னால் வந்த நல்ல தேவதையால் அதை அழிக்க முடியவில்லை. சாவை நூறு ஆண்டு உறக்கமாக மாற்றத்தான் முடிந்தது.

இம்மூன்றில் எது சரி என்று கேட்டால், ஒரு கிறிஸ்தவத் தாய் சொன்ன கதையை நான் எடுத்துக்காட்டுவேன். அன்னா லிபராட்டா டி சோசா என்பவர், பம்பாய் ஆளுநரின் மகளான மேரி ஃபிரியருக்கு ஆயாவாக இருந்தார். தம் பாட்டியிடம் கேட்ட கதைகளை அவர் சொல்ல, மேரி ஃபிரியர் அவற்றை எழுதி 1868-இல் நூலாக்கினார். அதன் முதற்கதையில் பஞ்ச்கின் என்றொரு மந்திரவாதி வருகிறான். ஒரு சிறுவனின் தந்தையையும் உறவினரையும் அவன் கல்லாக்கிவிட்டான். வளர்ந்த சிறுவன், ஆறு தண்ணீர்க் குடங்களுக்கு அடியில் ஒளித்து வைத்த பச்சைக்கிளியைக் கைப்பற்றி வந்து நிற்கிறான். பகைவனின் உயிர் அவன் கையில்! ஆயினும் அவன் அவசரப்படவில்லை. "முதலில் நீ கல்லாக்கியவர்கள் அனைவரையும் எழுப்பு" என்கிறான். எல்லாரும் எழுந்த பின்னரே கிளியைக் கொல்கிறான்.

எத்துணை நுட்பமான அறிவு! தீங்கு செய்தவன் இறந்தால் தீங்கும் தானே இறந்துவிடும் என்று அச்சிறுவன் நம்பவில்லை. கட்டியவன் உயிரோடிருக்கும்போதே கட்டை அவிழ்க்கச் செய்ய வேண்டும் என்பது அவன் கருத்து.

நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். "நீ உருப்படவே மாட்டாய்" என்று தகப்பன் கோபத்தில் சொல்லிவிடுகிறார். மாலையில் அவர் அதை மறந்துவிடுகிறார், மகன் மறப்பதில்லை. நாற்பது வயதிலும், புதிய தொழில் ஒன்றில் இறங்கும்போதெல்லாம் அச்சொல் அவன் காலைக் கட்டுகிறது. "என் பிணத்தின் முகத்தில்கூட விழிக்காதே" என்று தாய் மகளிடம் கூறுகிறாள். தாய் மறைந்து ஆண்டுகள் பல கடந்தும் அக்காள் வீட்டு விசேஷத்துக்குத் தங்கை போவதில்லை. மந்திரவாதி மாண்டான், கல் கல்லாகவே கிடக்கிறது. விமோசனம் சொல்ல வேண்டியவர் கல்லறையில் இருக்கிறார்.

ஆறுதலான செய்தியும் உண்டு. நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் ஹாரி பாட்டர் கதைகளில், ஹாரியை அசையவொட்டாமல் கட்டிய மந்திரம், அதைச் செய்த ஆசிரியர் இறந்த நொடியே அவிழ்ந்துவிடுகிறது. ஆனால் அவன் தாய் தன் உயிரைக் கொடுத்து அவனுக்களித்த காவலோ, அவள் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் அவனைக் காக்கிறது. நாற்பது வயதில் ஒருவன் காலைக் கட்டும் சொல் உண்டென்றால், அதே வயதில் அவனைத் தாங்கி நிற்கும் சொல்லும் உண்டு. "உன்னால் முடியும், நான் இருக்கிறேன்" என்று தாய் சொன்னது, அவள் இல்லாத நாளிலும் மகனின் காதில் ஒலிக்கிறது.

ஆகவே, பிள்ளை கேட்கும் கேள்விக்கு நாம் தயங்காமல் விடை சொல்லலாம்: "கல் தானாக எழாது, கண்ணே, எழுப்ப வேண்டியவர் எழுப்ப வேண்டும்." அவ்வாறு சொன்னபின், நம் சொல்லால் கல்லாகிப் போனவர் எவரேனும் உண்டா என்று நாமும் எண்ணிப் பார்க்க வேண்டும். உண்டெனில், காலம் தாழ்த்தாமல் இன்று மாலையே அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். "அன்று சொன்னதை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று நம் வாயாலேயே சொல்லிவிட்டு வருவோம். நாம் போன பிறகு, நமக்காக அதைச் சொல்ல வேறு எவராலும் இயலாது.