திண்ணையில் அமர்ந்த இளைய மகன்

தந்தை உயிரோடிருக்கும்போதே தன் பங்கைக் கேட்டு வாங்கித் தொலைநாடு சென்ற இளைய மகனை லூக்கா நற்செய்தியில் நாம் அறிவோம். இன்றைய இளைய மகன் எங்கும் செல்வதில்லை. தந்தையின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே பங்கைச் செலவழிக்கிறான்.

கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய் கண்டிகைப் பகுதியை எண்ணிப் பார்ப்போம். சென்னையின் குடிநீருக்கெனக் கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. பட்டா நிலம் இழந்தோர் இழப்பீடு பெற்றனர். சிப்காட் வரவால் சுற்றுப்புற நிலங்களும் விலையேறின. ஏர் பிடித்த தந்தையின் வியர்வை வங்கிக் கணக்காயிற்று. மகனுக்கோ அது மோட்டார் சைக்கிளாயிற்று, பின்னர்க் காராயிற்று. ஆலையில் எட்டு மணி நேரம் நிற்பது அவனுக்கு இழுக்காம்! அவ்வேலையைச் செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் வருகின்றனர்.

"ஆலைகள் தருவது ஒப்பந்தக் கூலிதானே?" என்பர் சிலர். அந்த அநீதியை எதிர்ப்பது நியாயமே. ஆனால், உழைப்பவனே உரிமைக்காகப் போராட முடியும்; உட்கார்ந்து உண்பவனுக்கு அது வெறும் சாக்கு.

"அப்பா சொத்து என் உரிமை" என்கிறான் மகன். தந்தை தாமே ஈட்டிய சொத்தில் மகனுக்குப் பிறப்புரிமை எதையும் சட்டம் தரவில்லை. கிறிஸ்தவர்களுக்குரிய 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமோ, உயிலின்றி இறந்தவரின் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கே அளிக்கிறது. தன் உரிமையை முழங்கும் மகன், தங்கையின் பங்கைப் பற்றி வாய் திறப்பதுண்டா?

இன்னும் ஒன்று. சிப்காட் வளாகம் எழுந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு, ஊரார் ஆடுமாடு மேய்த்த பொது நிலம். அதை நம்பி வாழ்ந்தோரில் பெரும்பாலோர் தலித் மக்கள். தடுக்கப் போராடியும் அதனை இழந்தனர். பொது நிலத்துக்குப் பட்டா ஏது? அவர்தம் பிள்ளைகள் பங்கு கேட்க எந்தத் தந்தையிடமும் பெட்டி இல்லை. அதே மண்ணில் ஒருவனுக்குச் சோம்பலும் மற்றவனுக்கு வெறுங்கையும் மரபுரிமையாயின.

குற்றம் பிள்ளைகளுடையது மட்டுமன்று. "நான் பட்ட பாடு என் மகன் படக்கூடாது" என்று நாமே சொல்லி வளர்த்தோம். பாட்டை விலக்கியபோது உழைப்பின் மாண்பையும் சேர்த்தே விலக்கிவிட்டோம். நிலத்தை விற்ற பணம் ஒருநாள் தீரும்; அன்று மகனிடம் எஞ்சுவது அவன் கைகள் மட்டுமே. பெற்றோரே, அந்தக் கைகளுக்கு இன்றே வேலை கற்றுக் கொடுங்கள். மகளுக்குரியதை மறுக்காதீர்கள். இளைஞனே, திண்ணையை விட்டு எழு!