சம்பளமும் இல்லை, சொந்தமும் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. படம் வரைகிற, எழுதுகிற, பாட்டு அமைக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவசியம் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி போன வாரம் ஓர் ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். குழந்தைகளுக்கான கதைச் செயலி ஒன்றுக்குப் படம் வரையும் வேலை. ஆறு மாதம் சம்பளம் கிடையாது. அனுபவச் சான்றிதழ் தருவார்களாம். வரையும் படங்கள் எல்லாம் என்றென்றைக்கும், உலகம் முழுவதும் நிறுவனத்துக்கே சொந்தம். அவள் பெயரும் வராது. "சும்மா இருக்கறதுக்குப் போயேன்னு அப்பா சொல்றாங்க டீச்சர்" என்றாள்.

அவள் அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். முதல் வாய்ப்பு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் பயிற்சியின்போது நானும் ஒரு பைசா வாங்காமல்தான் பள்ளிகளுக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். ஆனால் பின் பெஞ்சில் ஒரு மூத்த ஆசிரியை உட்கார்ந்திருப்பார். மாலையில் என் பாடக்குறிப்பு நோட்டில் சிவப்பு மையால் எழுதித் தள்ளுவார். கரும்பலகையில் என் எழுத்து கீழே சரிவதை நிறுத்தியது அவர்தான். "உனக்கு அங்க யாரும்மா சொல்லித் தருவாங்க?" என்று இந்தப் பெண்ணிடம் கேட்டேன். யாருமில்லையாம். வாரத்துக்குப் பத்துப் படம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்தால் எப்படி?

சம்பளத்தைக்கூட விடுங்கள், ஆறு மாதத்தில் அந்த நஷ்டம் முடிந்துவிடும். எழுதிக் கொடுத்த உரிமை திரும்பி வராது. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் இருவரும் 1938-இல், 23 வயதில், 130 டாலருக்கு மொத்த உரிமையையும் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு வழக்கு மேல் வழக்கு. ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தவர்கள் என்ற பெயரும் கிடைத்தது 1975-இல், அறுபதைத் தாண்டிய பிறகு.

நம் நாட்டுச் சட்டம் மோசமில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் உரிமை கைமாறாது. எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம்தான். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 'என்றென்றைக்கும், உலகம் முழுவதும்' என்று மறக்காமல் எழுதுகிறார்களே, ஏன் என்று இப்போது புரிகிறதா? உரிமையைக் கொடுத்த பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்ல 57-ஆம் பிரிவு இடம் தருகிறது. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். அது சரி, அவர் சம்பளம் கொடுக்கிறார். சம்பளமும் தரமாட்டோம், சொந்தமும் எங்களுக்கே என்பது எந்த ஊர் நியாயம்?

பணமில்லாமல் செய்யத்தான் வேண்டும் என்றால் இரண்டு மூன்று மாதம் செய்யுங்கள். படத்தைக் குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்த அனுமதி மட்டும் கொடுங்கள். பெயர் போடச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு அவர்களுக்கு ஒரு செலவும் இல்லை.

இப்படி ஒரு தாள் கையில் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள். வக்கீலாக இருக்கும் நம் பழைய மாணவர்கள் இரண்டு பேர் படித்துப் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மதியம் இரண்டு முதல் நான்கு வரை மட்டும் போன் வேண்டாம், தூங்குவேன்.