காயத்தை மறைக்காத கலை

1934 மார்ச்சில் ஜப்பான் தன் முதல் தேசியப் பூங்காக்களை அறிவித்தபோது, செட்டோ உள்நாட்டுக் கடலும் அவற்றில் ஒன்றாக இருந்தது. ஹோன்ஷூ, ஷிகோகு, கியூஷூ ஆகிய பெருந்தீவுகளுக்கு நடுவே 700-க்கும் மேற்பட்ட சிறு தீவுகளைத் தாங்கிய கடல் அது. வணிகர்களும் யாத்திரிகர்களும் கடற்கொள்ளையரும் பல நூற்றாண்டுகளாகக் கடந்துபோன நீர்வழி. இந்த அழகு காக்கப்பட வேண்டியது என்று அரசு முத்திரையிட்டது. ஆனால் முத்திரை விழுவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே செம்பு உருக்காலைகள் புகையத் தொடங்கிவிட்டன.

இனுஜிமா தீவில் 1909-இல் ஓர் உருக்காலை எழுந்தது. நகரத்தார் மூச்சில் புகை கலக்கக் கூடாது, சரக்கைக் கப்பலில் ஏற்றவும் வசதி என்று தீவைத் தேர்ந்தார்கள். செம்பின் விலை சரிந்ததும் பத்தே ஆண்டில் ஆலையைக் கைவிட்டுப் போனார்கள். 1917-இல் நவோஷிமா தீவின் வடகோடியில் மிட்சுபிஷி உருக்காலை வந்தது; ஊருக்கு வேலை கிடைத்தது, குன்றுகள் மொட்டையாயின. போருக்குப் பிந்தைய தொழில் வளர்ச்சியில் கடலே நோயுற்றது. 1972-இல் பெருகிய செம்பாசியால் பண்ணை மீன்கள் கோடிக்கு மேல் செத்து மிதந்தன. மறு ஆண்டே இந்தக் கடலைக் காக்கத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதன் பிறகும் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 1990 வரை, தெஷிமா தீவின் மேற்குக் கரையில் ஒரு நிறுவனம் நச்சுக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டிவந்தது. மரபுரிமை என்று பெயரிடுவது ஒன்று, காப்பது வேறொன்று என்பதற்கு இந்தக் கடலின் இருபதாம் நூற்றாண்டே சாட்சி.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் சமகாலக் கலை வந்து சேர்ந்தது. 1985-இல் ஒகயாமாவின் பதிப்பாளர் தெத்சுஹிகோ ஃபுகுதாகேயும் நவோஷிமாவின் தலைவர் சிகாட்சுகு மியாகேயும் சந்தித்து, தீவின் தென்பகுதியைக் கல்விக்கும் பண்பாட்டுக்கும் உரிய இடமாக்குவது என்று பேசி முடிவுசெய்தார்கள். மறு ஆண்டு ஃபுகுதாகே காலமானார். மகன் சோய்ச்சிரோ பணியைத் தொடர்ந்தார். கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ வடிவமைத்த அருங்காட்சியகம் 1992-இல் திறந்தது. 2004-இல் அவர் கட்டிய சிச்சூ அருங்காட்சியகம், கடலோரக் குன்றின் உருவம் கெடாதபடி மண்ணுக்கடியிலேயே அமைந்தது. 2010-இல் ஃப்ராம் கிதாகாவாவின் இயக்கத்தில் செட்டோஉச்சி கலைவிழா தொடங்கி, மூன்றாண்டுக்கு ஒருமுறை நடந்துவருகிறது. முதல் விழாவின் 105 நாட்களில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின.

பழைமையின் நடுவே புதுமையை வைப்பது தகுமா? பாதுகாப்பியலாளர்கள் நெடுங்காலமாக வாதாடிவரும் கேள்வி இது. 1964-இன் வெனிஸ் சாசனம், பழைய கட்டடத்தில் புதிதாகச் சேர்ப்பது தன் காலத்தின் அடையாளத்தைத் தாங்க வேண்டும் என்றது. பழையதைப்போல் வேடமிட்ட புதியது வரலாற்றையே பொய்யாக்கிவிடும் என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. 1994-இல் ஜப்பானின் நாரா நகரில் கூடிய அறிஞர்கள், மூலத்தன்மையை எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்று அறிவித்தார்கள். இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதுமரத்தால் கட்டி எழுப்பும் நாட்டில் அப்படி ஒரு கருத்து பிறந்ததில் வியப்பில்லை. அங்கே மரம் மாறுகிறது. தச்சரின் கைத்திறனும் வழிபாடும் தொடர்கின்றன. எதைக் காக்கிறோம் என்பதைத் தெளிந்தவர்களுக்கு எதைப் புதுப்பிக்கலாம் என்பதும் தெரியும்.

நவோஷிமாவின் ஹோன்முரா கிராமத்தில் அந்தத் தெளிவைக் காணலாம். ஆள் குடியிராத பழைய வீடுகளைக் கலைஞர்களிடம் ஒப்படைக்கும் திட்டம் அங்கே 1998-இல் தொடங்கியது. முதலில் எடுத்தது, ஏறத்தாழ 200 ஆண்டுப் பழைமையான கதோயா என்னும் வீடு. கூரையையும் சுவரையும் மரபு முறையில் செப்பனிட்டார்கள். உள்ளே தட்சுவோ மியாஜிமா தண்ணீரைத் தேக்கி 125 மின்னணு எண்களை ஒளிரவிட்டார். அந்த எண்கள் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்கள் 5 வயதுச் சிறுவர் முதல் 95 வயது மூத்தவர் வரையான தீவுவாசிகள் 125 பேர். பாழடைந்துபோகவிருந்த வீட்டில் ஊரின் ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தை இருத்திவிட்டது. 2002-இல் ஹிரோஷி சுகிமோட்டோ அதே கிராமத்தின் பழைய ஷிண்டோ ஆலயத்தைப் புதுப்பித்து, கருவறைக்கும் மண்ணுக்கடியிலுள்ள அறைக்கும் இடையே கண்ணாடிப் படிக்கட்டு ஒன்றை அமைத்தார். அது இன்றும் கோயிலாகவே இருக்கிறது.

இனுஜிமாவில் கைவிடப்பட்ட ஆலையை இடிக்கவுமில்லை, மெருகிடவுமில்லை. செம்புக் கசட்டால் வார்த்த கருஞ்செங்கற்களையும் உயர்ந்த புகைபோக்கியையும் அப்படியே நிறுத்தி, 2008-இல் அதை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். கட்டடக் கலைஞர் ஹிரோஷி சம்புயிச்சி, வெயிலும் மண்ணின் குளிர்ச்சியும் பழைய புகைபோக்கியின் இழுவையுமே உள்ளே காற்றைச் சீராக்கும்படி வடிவமைத்தார். ஊரை நஞ்சாக்கிய புகை போன வழியில் இன்று காற்று போகிறது. தொழில்யுகத்தின் பேராசையையும் அதன் உழைப்பையும் ஒருசேர நினைவில் நிறுத்தும் சின்னம் அது.

ஆயினும் இந்தக் கடலில் மிகப் பெரிய பாடம் தெஷிமாவுடையது. காவல்துறை 1990-இல் கழிவு நிறுவனத்தைச் சோதனையிட்ட பிறகும் கழிவு அங்கேயே கிடந்தது. முதியவர்கள் மிகுந்த அந்தச் சிறு தீவின் மக்கள் வழக்கறிஞர் கோஹெய் நகபோவின் துணையோடு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2000-இல் உடன்பாடு கண்டு, ககாவா மாகாண ஆளுநரிடமிருந்து மன்னிப்பையும் பெற்றார்கள். 2003 முதல் 2017 வரை சுமார் 9 லட்சம் டன் கழிவும் மாசுற்ற மண்ணும் கப்பலில் நவோஷிமாவுக்குப் போய்ச் சுத்திகரிக்கப்பட்டன. இந்த வேலை பாதி வழியில் இருந்த 2010-இல்தான் தெஷிமா கலை அருங்காட்சியகம் திறந்தது. ரியூவே நிஷிசாவா எழுப்பியது தூணே இல்லாத வெண்ணிறக் கான்கிரீட் கூடு. ஏறக்குறைய 40 மீட்டருக்கு 60 மீட்டர். திறந்த இரு வாய்கள் வழியே மழையும் வெளிச்சமும் உள்ளே வரும். ரேய் நைட்டோவின் படைப்பில் தரையிலிருந்து நீர் முத்து முத்தாய்ச் சுரந்து ஓடும். அதைச் சுற்றி, பயிரிடப்படாமல் புதர் மண்டிக் கிடந்த அடுக்கு வயல்களை ஊராரோடு சேர்ந்து மீட்டு மீண்டும் நெல் விளைவித்தார்கள். கட்டடத்தைவிட அந்த வயல்களையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த அழகு அந்த நஞ்சை மறக்கடிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மறக்கடிக்கும், மக்கள் இடம்கொடுத்தால். தெஷிமா மக்கள் இடம்கொடுக்கவில்லை. கழிவு கொட்டிய இடத்திலேயே தங்கள் போராட்டத்துக்கு ஒரு நினைவகம் அமைத்து, கழிவு அடுக்கின் குறுக்குவெட்டு ஒன்றையே அங்கே காட்சிக்கு வைத்தார்கள். தொழுநோயாளிகளை 1909 முதல் அடைத்துவைத்த ஓஷிமா தீவிலும் அப்படியே. அவர்களைப் பிரித்துவைத்த சட்டம் 1996-இல்தான் நீங்கியது. அங்கே வந்த கலை, இறந்தவர்களை அறுத்துப் பார்த்த மேடையையும் பார்வையாளர் முன் வைத்தது. காயத்தைக் காட்டத் துணியாத கலை இத்தகைய நிலங்களுக்கு அலங்காரம், நாளடைவில் பொய்.

குறைகளும் இருக்கின்றன. விழாக் காலத்தில் சிறிய படகுகளில் ஊராருக்கு இடம் கிடைப்பது அரிதாகிறது. ஃபுகுதாகே குடும்பத்தின் பெருநிறுவனச் செல்வத்தைச் சார்ந்து ஒரு தீவின் எதிர்காலம் நிற்பது பாதுகாப்பானதும் அல்ல. முதுமையும் மக்கள்தொகைச் சரிவும் பெரும்பாலான தீவுகளில் நிற்கவில்லை. கலை எல்லாவற்றையும் மீட்டுவிடும் என்று சொல்பவர்கள் தீவுவாசிகளுக்கு அநீதி செய்கிறார்கள். ஆனால் ஒகிஜிமா தீவில் நடந்ததையும் மறைக்க முடியாது. 2013 விழாவின்போது ஊர் திரும்ப விரும்பிய குடும்பங்கள் எழுப்பிய கோரிக்கையால், மூடிக்கிடந்த பள்ளி 2014-இல் மீண்டும் திறந்தது. ஒரு கலைவிழாவின் வெற்றிக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

பழைய கோட்டைகளிலும் துறைமுகங்களிலும் அரண்மனைத் தோட்டங்களிலும் கலைவிழா நடத்த இன்று உலகமெங்கும் அரசுகள் போட்டியிடுகின்றன. அவர்கள் செட்டோவிலிருந்து எடுத்துச்செல்ல வேண்டியது வாசலில் வைக்கும் பெருஞ்சிற்பத்தை அல்ல, வரிசையை. முதலில் மண்ணைச் சுத்தமாக்கும் வேலை தொடங்க வேண்டும். தவறு செய்தவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே வாழ்பவர்களின் சம்மதமும் உழைப்பும் நினைவும் படைப்புக்குள் வர வேண்டும். கலைஞர் கிளம்பிப் போன பிறகும் வயலும் பள்ளியும் படகும் ஊருக்கு மிஞ்ச வேண்டும். மரபு நிலத்தைக் கல்லும் மரமும் மட்டும் காப்பதில்லை. அங்கே தொடர்ந்து வாழ முடிகிறவர்கள் காக்கிறார்கள். அவர்கள் தங்குவதற்கு ஒரு காரணத்தைக் கூட்டித் தரும் கலைக்கு எந்தப் பழைய சுவரும் இடம் தரலாம். அது செய்யாத கலை, எவ்வளவு புகழ் பெற்றாலும், அந்தச் சுவரைப் பின்னணியாக வாடகைக்கு எடுத்ததாகவே பொருள்.