துணியைத் தொட்டுப் பார்க்க மறந்த நெசவூர்

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைக்கு எழுதி வருபவள் நான். நெல்லின் விலை, கரைவலைத் தொழிலாளரின் கஷ்டம், சுனாமி வீடமைப்பு, பிரதேச செயலகப் பிணக்கு என்று எத்தனையோ விடயங்களை எழுதியாகிவிட்டது. பெண்கள் உடற்பயிற்சியின்போது அணியும் லெகின்ஸ் பற்றி ஒரு நாள் எழுதுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. இந்த வயதில் இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசித்துவிட்டுக் கேட்கட்டும்.

கதை நீரிழிவில் தொடங்குகின்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் எனக்கும் அது வந்து சேர்ந்தது. "மருந்து பாதி, நடை பாதி" என்றார் வைத்தியர். வளர்ந்தவர் ஒருவர் வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். சுபஹுத் தொழுகை முடிந்ததும் கடற்கரை வீதியில் இறங்கி நடந்தால் அது பெரிய காரியமல்ல. இன்று மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் விடியற்காலையில் பெண்கள் கூட்டங்கூட்டமாக நடப்பதைக் காணலாம். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இக்காட்சி இல்லை.

ஆனால், என்னுடன் நடக்கத் தொடங்கிய அறுவரில் இருவர் இரண்டு மாதங்களுக்குள் நின்றுவிட்டனர். காரணம் கேட்டபோது முதலில் மழுப்பினார்கள்; பிறகு கூச்சத்துடன் சொன்னார்கள். அபாயாவின் உள்ளே அணிந்த பருத்திக் காற்சட்டை வியர்வையில் நனைந்து தொடையை உரசிப் புண்ணாக்கிவிட்டதாம். எங்கள் கரையோரக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். நனைந்த பருத்தி இலகுவில் காயாது. நீரிழிவுக்காரரின் தோலில் விழுந்த புண் எளிதில் ஆறவும் மாட்டாது. மருந்தாக எடுத்த நடையே புண்ணைத் தந்தால் யார்தான் நடப்பார்? உடம்போடு ஒட்டி நிற்கும், வியர்வையை வெளியே விடும், நடக்கும்போது சுருண்டு ஏறாத ஓர் உள்ளாடை அவர்களுக்குத் தேவைப்பட்டது. லெகின்ஸ் என்பது அவ்வளவுதான். ஒய்யாரத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அப்படியாயின் எதை வாங்குவது? இங்கேதான் நான் சோதனையில் இறங்கினேன்.

முதலாவது லெகின்ஸை எங்கள் கடைத்தெருவில் 1,450 ரூபாவுக்கு வாங்கினேன். என்ன நூல் என்று கேட்டேன். "ராத்தா, நல்ல சாமான், கண்ண மூடிக் கொண்டு போங்க" என்றார் கடைத் தம்பி. துணியில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் துண்டு எங்கும் தைக்கப்பட்டிருக்கவில்லை. இரண்டாவதைக் கொழும்பு புறக்கோட்டையில், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை என்று விற்கும் கடையொன்றில் 3,200 ரூபாவுக்கு எடுத்தேன். கழுத்துப்பட்டியை அறுத்து அடையாளத்தை நீக்குவதுபோல அதன் இடுப்பில் இருந்த நிறுவனப் பெயரை வெட்டி எடுத்திருந்தார்கள். ஆனால் நூலின் விவரத் துண்டு தப்பியிருந்தது: நைலோன் நூற்றுக்கு 78, ஸ்பான்டெக்ஸ் 22. மூன்றாவது, அமெரிக்காவில் இருக்கும் என் ராத்தாவின் மகள் அனுப்பியது. உலகறிந்த பெயர், விலை ஏறத்தாழ நூறு டொலர். "சாச்சி, இதப் போட்டா வேற ஒண்டும் போட மாட்டீங்க" என்று தொலைபேசியில் சொன்னாள். இம்மூன்றினதும் கடை, நிறுவனப் பெயர்களை நான் எழுதப்போவதில்லை. ஒரு தனி மனுஷி மூன்று துணிகளை அணிந்து பார்த்துத் தீர்ப்பெழுதி யாருடைய வியாபாரத்தையும் கெடுப்பது பத்திரிகை தர்மமல்ல.

பத்து வாரங்கள் மூன்றையும் மாறி மாறி அணிந்து நடந்தேன். ஒவ்வொன்றையும் இருபது தடவைகள் ஒரே சவர்க்காரத்தில், கையால், குளிர்நீரில் கழுவி நிழலில் காயவிட்டேன்.

எப்படிச் சோதிப்பது என்பதை எனக்கு எந்தச் சஞ்சிகையும் கற்றுத்தரவில்லை. என் உம்மா கற்றுத்தந்தார். நாங்கள் மருதமுனைத் தறிக்காரர். எங்கள் வீட்டுத் திண்ணையில் தறிச் சத்தம் கேட்டுத்தான் நான் கண் விழித்து வளர்ந்தேன். உம்மா ஒரு துணியைக் கையில் எடுத்தால் விலையைக் கேட்கமாட்டார். முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். பிறகு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். இரு முனையையும் பிடித்து இழுத்துவிட்டு, அது பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார். கடைசியில் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் உரசிச் சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பார். "ஆள் சொல்றது பொய்யாப் போகும் மகள், நூல் பொய் சொல்லாது" என்பது அவர் வாக்கு. லெகின்ஸ் என்ற சொல்லையே கேட்டிராத உம்மாவின் இந்த நான்கு சோதனைகளுக்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

முடிவைச் சொல்கின்றேன். 1,450 ரூபாத் துணி நான்கிலும் தோற்றது. கையை உள்ளே விட்டு விரித்தால் விரல் ரேகை தெரிந்தது. ஆறாவது கழுவலில் முழங்கால் பை போலத் தொங்கியது. இடுப்பு நாடா நடக்கும்போது சுருண்டு இறங்கி, நான் வீதியில் நின்று நின்று இழுத்துவிட வேண்டியதாயிற்று. கறுப்புச் சாயம் வெள்ளைத் துணியைச் சாம்பலாக்கியது. எட்டாவது வாரத்தில் உள்தொடைத் தையல் விட்டது. மலிவு என்று வாங்கியது இரண்டே மாதத்தில் குப்பைக்குப் போனால் அது மலிவல்ல. ஆண்டுக்கு ஆறு வாங்க வேண்டும்; 8,700 ரூபா. ஏழை கொடுக்கும் விலைதான் எப்போதும் கூடிய விலை.

நூறு டொலர்த் துணி அணிவதற்கு மிக மென்மையானது. பொய் சொல்ல மாட்டேன். அணிந்திருக்கிறோம் என்ற உணர்வே இல்லை. இடுப்புப் பட்டி இம்மியும் அசையவில்லை. ஆனால் அந்த மென்மையே அதன் பலவீனமுமானது. அபாயாவின் உட்புறம் உரசும் இடங்களில் பத்தாவது வாரத்தில் சிறு சிறு உருண்டைகள் கிளம்பிவிட்டன.

3,200 ரூபாத் துணி? குனிந்தாலும் உட்கார்ந்தாலும் உள்ளே தெரியவில்லை. பத்துச் சென்றிமீற்றரைப் பதினைந்துக்கு இழுத்துவிட்டால், இருபதாவது கழுவலின் பின்னரும் பத்துக்கே திரும்பியது. கால்கள் சந்திக்கும் இடத்தில் சாய்சதுரத் துண்டொன்று வைத்துத் தைத்திருந்தார்கள். நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் கூடி உரசாதிருக்கச் செய்யும் ஏற்பாடு அது. தையல்கள் உள்ளே தட்டையாக இருந்தன. ஒரே குறை, கணுக்காலருகே கோணிப்போன ஒரு தையல். அதனால்தான் அது கப்பலேறவில்லை போலும். மென்மையில் மட்டும் அது மூன்றாவதற்கு ஒரு படி கீழே. அந்த ஒரு படிக்கு நான் ஒன்பது மடங்கு பணம் கொடுக்கத் தயாரில்லை.

இது ஒருத்தியின் அனுபவம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆகவே வெளியுலகத்தையும் சற்றுப் பார்ப்போம். இப்படி நீண்டு சுருங்கும் நூலை 1958இல் அமெரிக்காவின் டியூபோன்ட் நிறுவனத்து இரசாயனவியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்தார். லைக்ரா என்ற பெயரில் அது பரவியது. இன்று எத்தனையோ நாடுகளில் எத்தனையோ ஆலைகள் அதை உற்பத்தி செய்கின்றன. அதில் இரகசியம் ஏதும் இல்லை. 1998இல் கனடாவின் வன்கூவர் நகரில் தொடங்கப்பட்ட லூலூலெமன் நிறுவனம்தான் லெகின்ஸை நூறு டொலர்ப் பண்டமாக்கியதில் முன்னோடி. அதே நிறுவனம் 2013 மார்ச்சில், குனிந்தால் உள்ளே தெரிகின்றது என்பதற்காகத் தன் கறுப்பு யோகாக் காற்சட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. என் உம்மா வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்டுபிடித்திருக்கக்கூடிய குறை அது.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2023 மே மாதம் இதே நிறுவனம் லொஸ் ஏஞ்சல்ஸில், மற்றவர்களின் மலிவுப் போலிகளைக் கொண்டுவாருங்கள், எங்களுடையதை இலவசமாக மாற்றித் தருகின்றோம் என்று அறிவித்தது. தன் துணியின்மீது நம்பிக்கை இல்லாதவர் இப்படிச் செய்யமாட்டார். ஆயினும் 2025 ஜூனில், தன் வடிவமைப்புகளைப் பிரதிபண்ணி மலிவாக விற்பதாகக் கூறி கொஸ்ட்கோ என்ற பெரும் விற்பனை நிறுவனத்தின்மீது அது வழக்கும் தொடுத்தது. மலிவான மாற்றுக்கள் முற்றிலும் கீழானவையாயின் இத்தனை பதற்றம் எதற்கு? வடிவமைத்தவருக்கு உரிய கூலி சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. திருட்டுப் பெயரை ஒட்டி விற்பதை வாங்கவும் கூடாது. ஆனால், பெயரே இல்லாத நல்ல துணியை வாங்குவது திருட்டல்ல.

இனி நம் நாட்டுக்கு வருவோம். எனக்கு உறுத்துவது இதுதான். அந்தப் பெரிய பெயர்களுக்குத் தைத்துக் கொடுப்பவர்களில் நாமும் இருக்கின்றோம். 1978இல் கட்டுநாயக்க வலயம் திறந்தது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றார். 1987இல் தொடங்கிய மாஸ் நிறுவனம் இன்று நைக்கிக்கும் லூலூலெமனுக்கும் ஆடை செய்கின்றது. அத்தகைய ஆடையைத் தைக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். 2026 ஜனவரி முதல் இந்நாட்டின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. டொலரை உத்தேசமாக 300 ரூபா என்று கொண்டால், நூறு டொலர் லெகின்ஸ் ஒன்றின் விலையும் அதே 30,000 ரூபா. ஒரு மாதச் சம்பளம், ஒரு காற்சட்டை. கடலுக்கு அப்பாலிருந்து அதே ஆடை அன்பளிப்பாகத் திரும்பி வரும்போது, "ஆ, வெளிநாட்டுச் சாமான்" என்று நாம் வாய் பிளக்கின்றோம். தைத்த கை நம்முடையதாக இருக்கலாம் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்றுண்டு. மருதமுனை நெசவூர். இங்கே நெய்த சாரனும் சேலையும் நாடெங்கும் போயின. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது வீடுகளோடு தறிகளும் போயின. அதற்கு முன்னரே இயந்திரத் துணியின் மலிவு பல தறிகளை நிறுத்தியிருந்தது. தறி போனது பொருளாதாரம். துணியைத் தொட்டு அறியும் விரல் போனது அறிவு. இன்று எங்கள் பெண்பிள்ளைகள் துணியைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது பெயரை. பெயர் பெரிதானால் தலைமேல். பெயர் இல்லையேல் குப்பை. பெயருக்குக் கொடுக்க வசதி இல்லாதவள் கடைத்தெருவின் மட்டமானதற்குப் போகின்றாள், புண்படுகின்றாள், நடப்பதை நிறுத்துகின்றாள். இரண்டுக்கும் நடுவில் நல்லது ஒன்று இருப்பதை அவளுக்கு யாரும் சொல்வதில்லை.

ஆகவே நான் கேட்பது இரண்டு. கல்முனை வர்த்தகர்களே, நீங்கள் விற்கும் துணியில் என்ன நூல், எத்தனை பங்கு என்று ஒரு துண்டு தைத்த சரக்கையே கொள்முதல் செய்யுங்கள். அத்தகைய துணிக்கு நாங்கள் முந்நூறு ரூபா கூடத் தருவோம். தாய்மாரே, மகளைக் கடைக்கு அழைத்துப் போகும்போது இந்த நான்கையும் சொல்லிக் கொடுங்கள்: வெளிச்சத்தில் பிடி, விரலில் தேய், இழுத்துவிட்டுப் பார், நனைத்து உரசு. நீட்சி நூல் நூற்றுக்கு இருபதளவில் இருந்தால் வடிவம் நிற்கும். வாங்கிய பின்னர் சுடுநீரும் கொதிவெயிலும் ஆகா. துணி மென்மையாக்கும் திரவமும் ஆகாது, அது நீட்சி நூலைக் கெடுக்கும். ஏற்றுமதியில் மிஞ்சியது என்று கடைக்காரர் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். வெட்டிய பட்டி எதற்கும் அத்தாட்சியல்ல. அதையும் விரல்தான் சொல்ல வேண்டும்.

நடையை நிறுத்திய அந்த இருவருக்கும் சென்ற மாதம் புறக்கோட்டையிலிருந்து ஆளுக்கொன்று வாங்கி வந்தேன். ஒருத்தி மறுநாளே வந்துவிட்டாள். மற்றவள் தொடைப் புண் முழுதும் ஆறட்டும் என்று இன்னும் வீட்டில் இருக்கின்றாள். நாங்கள் தினமும் அவள் வீட்டு வாசலைக் கடந்துதான் கடற்கரைக்குப் போகின்றோம்.